பாக்கியம் அம்மாள் நடத்திய ஒன்பது அடக்கங்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. காகிதத்தை எடுப்பேன், வைப்பேன். சாட்சி சொல்ல வெட்கமில்லை. இந்தச் சாட்சிக்குள் என் பொய் ஒன்று கிடக்கிறது. அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

புது ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த ஐப்பசி. கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே, ஆற்றின் தென்கரையில் எங்கள் ஊர். தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. தோணி நின்றுவிட்டது. சபைக்குக் குருவான ஐயர் இருப்பது வடகரையில். அந்த நேரம் பார்த்து ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. முதலில் போனவர், ஐயர் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிற எங்கள் உபதேசியார்தான். அவரை ஜெபமில்லாமலே மண்ணில் வைத்தோம்.

சபை மூப்பன் என்று கோயில் சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் பாக்கியம் வந்து நின்றாள். விதவை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் வேலை அவளுக்கு. பைபிள் அம்மா என்பார்கள்.

"கோயிலத் தொறங்க அண்ணாச்சி. ஆளுவ பயந்து கெடக்காவ. மணியடிச்சுக் கூட்டி ஒரு ஜெபம் பண்ணணும்."

"யாரு, நீயா? நீ மணியடிச்சா ஆம்பளைய எல்லாம் என்ன, கோலம் போடவா? ஒனக்கு யாரு குருப்பட்டம் குடுத்தது?"

"பட்டம் கேக்கல அண்ணாச்சி. சாவிதான் கேக்கேன்."

நான் கொடுக்கவில்லை. அவள் புளியமரத்தடியில் பெண்களை உட்காரவைத்து ஜெபித்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அடக்க ஆராதனைப் புஸ்தகம் கோயில் பெட்டிக்குள், பூட்டுக்குள், நனையாமல் பத்திரமாக இருந்தது.

நாலாம் நாள் விடியும்போது என் மனைவி ஞானப்பூவுக்குப் பேதி கண்டது. மத்தியானம் உயிர் போய்விட்டது. பேதியில் போன உடம்பைப் பொழுது சாயுமுன் அடக்க வேண்டும். என் கூடப்பிறந்த தம்பி தெருவோடு நின்று, "ஏ அண்ணே, எனக்கும் பிள்ளைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாரும் வரவில்லை. அப்போது என் ஆறு வயது மகள் எஸ்தரும் வாந்தி எடுத்தாள். மனைவியைக் கொண்டுபோனால் பிள்ளை தனியே சாகும். பிள்ளையோடு இருந்தால் மனைவி அழுகிப்போவாள். நான் மண்தரையில் விழுந்து, "ஆண்டவரே, ஒரு ஊழியக்காரனை அனுப்பும்" என்று கதறினேன். ஊழியக்காரன் என்றே கேட்டேன். கேட்டுவிட்டு ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வாசல் வழியாகப் பாக்கியம் வந்தாள். கூட நாலு பெண்கள். ஒருத்தி கையில் கஞ்சிச் சட்டி இருந்தது. சட்டி வைத்திருந்தவள் நேரே போய் எஸ்தரை மடியில் போட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைத் துளித்துளியாக ஊற்றத் தொடங்கினாள். மற்றவர்கள் ஞானப்பூவைப் பாயில் சுற்றினார்கள்.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பொம்பளைய கல்லறைத் தோட்டத்துக்கு வரப்படாது" என்றேன்.

"அப்பம் நாலு ஆம்பளயளக் கூப்பிடுங்க அண்ணாச்சி. நாங்க போயிருதோம்."

நான் யாரைக் கூப்பிட? தலைமாட்டை நானே பிடித்தேன். போகும் வழியில் கோயிலைத் திறந்து, புஸ்தகத்தை எடுத்துப் பாக்கியம் கையில் கொடுத்தேன். சாவியையும் கொடுத்தேன். என்னால் ஒரு எழுத்தும் வாசிக்க முடிந்திருக்காது. குழியோரம் நின்று அவள் வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. "மண்ணுக்கு மண்" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, என் கைக்குள் ஈரமண்ணை வைத்தாள்.

என் ஜெபத்துக்கு இதுதான் பதில். எஸ்தர் மூன்றாம் நாள் கண் விழித்து, "அம்மா எங்க?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எட்டுப் பேர். நான் குழி வெட்டினேன், பாக்கியம் அடக்கம் பண்ணினாள்.

வெள்ளம் வடிந்து ஐயர் வந்தார். அடக்கப் பதிவேட்டைத் திறந்து, "ஆராதனை நடத்தினது யார்?" என்று கேட்டார். சபையார் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணிடம் சாவி கொடுத்தவன் என்ற பேர் வருமே என்று பயந்தேன். "நான்தான் ஐயரே" என்றேன். ஒன்பது இடத்திலும் என் பேரை எழுதினார். பெண்கள் பக்கத்தில் நின்ற பாக்கியம் ஒருதரம் என்னைப் பார்த்தாள். வெளியே வந்து, "ஒனக்கு ஏச்சு வரப்படாதுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

"எனக்கா அண்ணாச்சி, ஒங்களுக்கா?"

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. போன பங்குனியில் காய்ச்சலில் இறந்துபோனாள். வழக்கப்படி பெண்கள் கல்லறைத் தோட்ட வாசலோடு நின்றார்கள். எஸ்தர் என் வேட்டியைப் பிடித்து, "எங்கம்மய உள்ள கொண்டுபோனவிய இவியதானப்பா? பெறகு நாங்க ஏன் வாசல்ல நிக்கணும்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மற்றப் பெண்களும் பின்னால் வந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

அன்றைக்கே ஐயரிடம் எல்லாம் சொல்லி அழுதேன். அவர் பதிவேட்டைத் திறந்து அந்த ஒன்பது இடத்தையும் பார்த்தார். பிறகு, "பதிவேட்டில் அடித்து எழுதக் கூடாது. சபைகள் அறிய நீரே எழுதும்" என்றார். எழுதிவிட்டேன். கர்த்தர் என்னை மன்னித்தார் என்று நம்புகிறேன்.

நெருக்கத்தில் இருக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள், அனுப்புவார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதிருங்கள். இதை வாசிக்கிறவர்கள் அடுத்த சபைக்கும் வாசித்துக் காட்டுங்கள். என்மேல் இரக்கப்பட்டு என் பொய்யைக் குறைக்க வேண்டாம். அந்த ஒன்பது இடத்திலும் பாக்கியம் அம்மாள் என்றே வாசியுங்கள்.