ஏழாம் நாள் கியூப்

நேற்று கோத்தகிரியில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பட்டறை வாசலில் நின்றிருந்தபோது பழைய என்ஜின் ஆயிலின் நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது முதல் வேலையின் வாசனை.

டிப்ளமா முடித்த கையோடு, கட்டபெட்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவியர் விடுதியில் கான்கிரீட்டின் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. இரும்பு அச்சுக்குள் பழைய ஆயிலைத் தடவி, கான்கிரீட்டை நிரப்பிக் கம்பியால் குத்தி, மறுநாள் அந்தக் கட்டியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். அதற்கு கியூப் என்று பெயர். ஏழாம் நாள் சிலதையும் இருபத்தெட்டாம் நாள் மற்றதையும் ஊட்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். என் துப்பட்டாவெல்லாம் ஆயில் நெடி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். வசதிதான், கியூபை அங்கே வைத்துக்கொள்வேன்.

கலவையின் தளர்வையும் பார்க்க வேண்டும். ஒரு கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பை மட்டும் தூக்கினால் கலவை சரியும். எவ்வளவு சரிகிறது என்று மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவேன். தண்ணீர் கூடினால் சரிவும் கூடும். மிக்சர் மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றியவர் பவளக்கா. இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோருடன் வந்தவர்.

அது ஜனவரி. தூண்களின் ஏழாம் நாள் கியூப்கள் தாங்க வேண்டியதில் பாதிகூடத் தாங்காமல் நொறுங்கின. தூண்களை இடிக்க வேண்டியிருக்குமோ என்று வேலை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லத் தெரியாத வயது எனக்கு. "தண்ணி கூடியிருக்குமுங்க" என்றேன்.

மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டு இன்ஜினியர் மேடத்திடம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம், அந்தம்மாவுக்குக் கை தாராளமுங்க. நாளையிலிருந்து வேண்டாமுங்க."

பவளக்கா வாளியைக் கவிழ்த்து வைத்தார். "நான் அளந்து தானே ஊத்தினேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். நான் அச்சைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்துப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, கியூப் போடற தொட்டி எங்க இருக்குது?"

"வெளியிலதானுங்க. காலையில மேல ஐஸே நிக்குமுங்க."

"அப்புறம் எப்படி இறுகும்? குளிர்ல மெதுவாத்தான் பலம் ஏறும். தொட்டிய உள்ளார மாத்து. இருபத்தெட்டாம் நாள் பாக்கலாம்."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் நோட்டைப் புரட்டினேன். அந்தத் தூண்கள் வார்த்த நாளில் சரிவு சரியாகவே இருந்திருக்கிறது. எழுதியது என் கையெழுத்து. உறுதியாகட்டும் என்று சொல்லிக்கொண்டு இருபத்தெட்டாம் நாள்வரை வாயைத் திறக்கவில்லை. உண்மையில் பயம். இருபத்தெட்டாம் நாள் மீதி கியூப்கள் தேறின. தூண்கள் தப்பின.

மறுநாளே பவளக்காவைத் தேடிப் போனேன். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் சரியாத்தான் ஊத்தினேன்னு எனக்குத் தெரியும் தானே. எனக்கிட்ட சொல்லி என்ன? அங்க போய் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அடுத்த நாள் டீ வேளையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். டீ ஆறிப்போனது. சாயங்காலம் மேஸ்திரியே போய்ப் பவளக்காவைக் கூப்பிட்டார்.

பவளக்கா ஒரு நிபந்தனையோடு வந்தார்: சரிவை அளந்ததும் நான் உரக்கச் சொல்ல வேண்டும். மெஷின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் கேட்கும். "எவ்வளவு தங்கச்சி?"

"எழுபத்தஞ்சு!" என்று கத்துவேன். மேஸ்திரி திரும்பிப் பார்ப்பார்.

விடுதி முடிந்த பின், பவளக்கா பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது பெரிய வேலைகளுக்குக் கலவை லாரியிலேயே வந்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் என்பது கூடவே வரும் சீட்டில் அச்சாகியிருக்கும். நான் இன்னமும் கூம்பைத் தூக்கி, அளந்து, எழுதிக்கொள்கிறேன். நிமிர்ந்தால் லாரி டிரைவர் போன் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.