அப்பா தண்ணீர் பாய்ச்சிய வயல்

அந்தச் சாயங்காலம் கணினிக்கு முன்னால் நான் இருந்தேன், அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார். அப்பா இல்லை. அவர் சார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தார். ஆனால் அப்பா இல்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று காலையில்கூட அவர் வயலுக்கு வந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் போயிருந்தார்.

வயல் என்று நான் சொல்வது கணினித் திரையில் இருந்த வயலை. அது ஒரு விளையாட்டு. அப்பா தங்கியிருந்த முகாமில் யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரே வயலை அங்கிருந்து அவரும் இங்கிருந்து நாங்களும் திறந்து பார்க்கலாம். அதில் நெல் கிடையாது. முட்டைக்கோஸ், பூசணி, பெயர் தெரியாத ஒரு நீலப்பூ. நான் பள்ளிக்கூடம் கிளம்புமுன் திறந்தால், கோஸ் இலைகளில் சொட்டுச் சொட்டாக ஈரம் மின்னும். அப்பா வேலைக்குப் போகுமுன் வந்திருக்கிறார் என்று அர்த்தம். வரப்பில் அவர் கால் தடம் இருக்குமா என்று திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடுவேன். ஒன்றிரண்டு தடவை இருந்ததாகவே நினைவு.

எங்கள் நிஜ வயல் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதை ஒத்திக்கு விட்டிருந்தோம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதில் சாகுபடி இன்னொருவருடையது. அந்தப் பணத்தைச் சேர்க்கத்தான் அப்பா போனார். மாதாமாதம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டே வந்தார். வருகிற தையில் ஊருக்கு வந்து ஒத்தியை மீட்டுவிட்டால் அப்புறம் போகவே வேண்டாம் என்பது பேச்சு. அதுவரை அம்மா மற்றவர்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வந்து காலைக் கழுவிவிட்டு எங்கள் பின்னால் நிற்பாள். விளையாட்டிலும் களை முளைக்கும்.

"நாள் பூரா அடுத்தவன் வயல்ல குனிஞ்சுட்டு வரேன். இங்கேயும் களையா?" என்பாள். சொல்லிக்கொண்டே மவுசைப் பிடுங்கி ஒவ்வொன்றாக எடுப்பாள். "தம்பி, ஒங்க அண்ணன் வயல்ல கோரை மண்டிக் கெடக்கு, நீங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

"நான் இந்த வயலுக்கு மிராசு, அண்ணி. மிராசு குனியப்படாது" என்பார் சித்தப்பா. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். வயல் வேலை என்றாலே முதுகு வலிக்கும் அவருக்கு.

கணினியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நீடாமங்கலத்தில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் நடத்தினார். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் கடையை மூடிவிட்டுக் கணினிகளை விற்றார். ஒன்றைச் சித்தப்பா மொபெட்டின் பின்னால் பழைய சேலையால் கட்டி எடுத்து வந்தார். எங்கள் விளையாட்டு புதிய பிரவுசர் எதிலும் ஓடவில்லை. பாய் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு பழைய பிரவுசரை ஏற்றிக்கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இதைச் செஞ்சவங்களே இப்ப இதைக் கண்டுக்கறதில்ல. எங்க ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஆள் இல்ல. விளையாடறதோட நிறுத்திக்கங்க. பேங்க், பாஸ்வேர்டுன்னு எதையும் இதுல கொண்டாராதீங்க."

"நம்ம வீட்டுல என்ன பாய் இருக்கு, ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போக?" என்று சிரித்தார் சித்தப்பா. பாயும் சிரித்துவிட்டார்.

அது முதல் திரையின் உச்சியில் மஞ்சளாக ஒரு பட்டை தினமும் வரும். இந்தப் பிரவுசர் பழையது, பாதுகாப்பில்லாதது, மாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆனாலும் அதை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. மாற்றினால் வயல் திறக்காதே. ஆகவே மஞ்சள் பட்டையைப் பெருக்கல் குறியில் தட்டி மூடுவது, நடை வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி எங்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

அந்தச் சாயங்காலம் வந்தது வேறு ஒன்று. பூசணிக் கொடிகள் மேல் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. பின்னால் வயல் மங்கலாகி, ஆற்று மூடுபனிக்குள் போனதுபோல் தெரிந்தது.

"என்னடா எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

நான் எழுந்து நின்று, வகுப்பில் படிப்பதுபோல் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: "உங்கள் விளையாட்டை ஓட்டும் பிளேயர் பழசாகிவிட்டது. இப்போதே புதுப்பிக்காவிட்டால் உங்கள் வயலை இழப்பீர்கள்."

ஒரு சொல்லைக்கூட நான் தவறாகச் சொல்லவில்லை. சித்தப்பா மோவாயைத் தடவினார்.

"பாயை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா, அண்ணி?"

"அவர் வர்ற வரைக்கும் நிக்குமா அது? இருந்த வயலையும் குடுத்துட்டு நிக்கிறோம். இதையும் வுடணுமா? அழுத்துங்க தம்பி."

சித்தப்பா அழுத்தினார். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து நிறைந்தது. மூடுபனி விலகி, பூசணிகள் அப்படியே இருந்தன. அம்மா பெருமூச்சு விட்டாள். தினமும் வந்த உண்மையான எச்சரிக்கையை மூடிக்கொண்டே இருந்த நாங்கள், ஒரே ஒரு தடவை வந்த பொய்யான எச்சரிக்கைக்குப் பயந்துபோனோம். வயல் போய்விடும் என்று எங்களிடம் சொன்னால் வேறு என்ன செய்வோம்?

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு வரப்புதான் ஞாபகம் வரும். வரப்பில் நண்டு வளை போடும். தினமும் மண் வைத்து அடைக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத வரப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் ராவோடு ராவாக வேறெங்கோ போயிருக்கும்.

அடுத்த சில நாட்கள் நல்ல மழை. அப்பா கடைசித் தவணையை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வங்கிக்குப் போவதென்றால் மொபெட்டில் நனைய வேண்டும். சித்தப்பா அந்தக் கணினியிலேயே வங்கிப் பக்கத்தைத் திறந்தார். அது வழக்கம்போலத்தான் இருந்தது. இந்தத் தடவை அட்டை எண்ணைக் கேட்டது. செல்போனுக்கு வந்த எண்ணையும் கேட்டது. பேங்க்காரன்தானே கேட்கிறான் என்று இரண்டையும் கொடுத்தார். கேட்டது அந்தச் சிவப்புப் பெட்டியோடு உள்ளே வந்தவன் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. செல்போன் இன்னும் சில தடவை மணியடித்தது. அப்பாதான் ஏதோ அனுப்புகிறார் என்று நான் துள்ளினேன்.

மழை விட்டதும் சித்தப்பா வங்கிக்குப் போனார். திரும்பியபோது மொபெட்டை உள்ளே ஏற்றாமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு நின்றார். கணக்கில் இருந்ததை யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள். பிறகு போலீஸ், வங்கி என்று திருவாரூருக்கு அலைந்தார், தஞ்சாவூருக்கு அலைந்தார். மனு வாங்கிக்கொண்டார்களே தவிர ஒன்றும் திரும்பவில்லை. பாய் வந்து கணினியைத் துடைத்தெடுத்துப் புது பிரவுசர் போட்டார். "நான் அந்தப் பழசைப் போட்டே குடுத்திருக்கக் கூடாது, தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள்.

அதன் பிறகு வயல் திறக்கவில்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று, கோடையில் வெடித்துக் கிடக்கும் தரிசு மாதிரி.

தையில் அப்பா வரவில்லை. போனில் கேட்பேன்.

"இன்னிக்குத் தண்ணி வுட்டியாப்பா?"

"வுட்டேன்டா. பூசணி காய்ச்சுக் கெடக்கு, பானை பானையா."

"எப்பப்பா வருவே?"

"இதை அறுத்துட்டு வந்துடறேன்."

எங்களுக்கு மூடிப்போன வயல் அவருக்கு மட்டும் திறந்திருக்கிறது, அதை விட்டு வர அவருக்கு மனமில்லை என்று நான் நம்பினேன். பானை பானையாகக் காய்த்த அந்தப் பூசணிகள்மேல் அப்படி ஒரு கோபம். கனவில் அவற்றை மிதித்து உடைப்பேன். பணம் போனது தெரிந்த நாளுக்குப் பிறகு அவரும் அதைத் திறக்கவே இல்லை என்பதும், போனில் பூசணிகளை அவராகவே முளைக்க வைத்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள், மீட்ட வயலின் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு எவ்வளவு போயிற்று என்று.

"எண்பத்திரண்டாயிரம்" என்றாள். காலில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே, விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோலச் சொன்னாள்: "ஒங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம்."