பிளாட்டினமா, எலக்ட்ரானிக்கா

நேற்று தாப்பா மலைச்சாலை வளைவில் என் மகனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சின் அணைந்து நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தான்.

இன்று ஈப்போ பட்டறையில், தீப்பொறி தரும் பகுதியின் மூடியை மெக்கானிக் சேகர் திறந்ததும் கருகிய வாடை வந்தது. "அக்கா, பழையபடி பிளாட்டினமா, எலக்ட்ரானிக்கா?"

அதே வாடை. நான் சிறுமியாக இருந்தபோது, சுங்கை சிப்புட் தோட்டத்தில் ஒருநாள் அடைமழை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அப்பாவின் கார் நின்றுவிட்டது. அம்மா மடியில் தம்பிக்கு வலிப்பு. நான் இஞ்சினுக்குக் குடை பிடிக்க, அப்பா தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து, தீப்பொறியைத் தூண்டும் சிறு உலோக முனையான பிளாட்டினத்தில் படிந்த கரியைத் தேய்த்தார்.

"சீக்கிரங்க, புள்ளைக்குக் கண்ணு சொருவுது!" என்று அம்மா கத்தினாள்.

கார் உறுமியது. தம்பியைக் காப்பாற்றிவிட்டோம்.

"பிளாட்டினம்னா வழியிலயே தேச்சுக்கலாம்," என்றார் சேகர். "எலக்ட்ரானிக் லேசுல நிக்காது. நின்னா ரோட்டுல ஒன்னும் பண்ண முடியாதுலா."

"எலக்ட்ரானிக்கே போடுங்க சேகர்."

"நின்னுட்டா?"

"நிக்கட்டும். நேத்து லாரி வர்றப்பவும் உள்ளேயே உக்காந்து சாவியத் திருகிட்டு இருந்தான். சரிபண்ண முடியாதுன்னு தெரிஞ்சாத்தான் எறங்கி ஓடுவான்."