ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்

நேற்று அடையாறில் ஒரு மருத்துவமனை கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டராக இல்லை. நோயாளியாகவும் இல்லை. (பேனருக்குப் பக்கத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாளே, யாரும் கவனிக்காமல்? அது நான்தான்.)

என் வேலை என்னவென்று அப்பாவுக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. "ஆஸ்பத்திரிங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நடத்துது" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.

கிட்டத்தட்ட அதுதான். மயிலாப்பூரில் எடுத்த ரிப்போர்ட் அடையாறு டாக்டருக்குத் தெரிய வேண்டும். தி.நகரில் வாங்கிய மருந்தும் தெரிய வேண்டும். அதற்காகச் சில மருத்துவமனைகள், ஒரு லேப், மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரையும் தேனாம்பேட்டையில் எங்கள் ஆபீசில் உட்கார வைத்து, ஒரே டிஜிட்டல் ஹெல்த் கார்டுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

பிறந்த தேதியில் நாள் முதலிலா, வருடம் முதலிலா என்பதற்கே ஒரு முழுக் கூட்டம் ஓடியது. (சமோசா நன்றாக இருந்தது.)

நோயாளிக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸில் யார் பெயர் வர வேண்டும் என்பதற்கு இன்னொரு கூட்டம். எங்கள் பெயர் இல்லாமல் எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் மருத்துவமனையின் பெயரும் எந்தப் பிரிவு என்பதும் வரட்டும் என்று முடிவானது. மினிட்ஸ் எழுதியது நான்.

நேற்று முதல் சோதனை.

ஓர் அக்கா வந்தார். செல்வி என்று வைத்துக்கொள்வோம். (பெயர், ஊர், உடம்புக்கு என்ன என்பது வரை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) நல்ல காய்ச்சல். கணவர் வாசலில் ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தார்.

பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் கேட்டேன். சொன்னார்.

"ஓடிபி வந்திருக்கும் பாருங்கக்கா."

"அது அவரு போனும்மா. எனுக்கு ஏது போனு?" வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யோவ், நம்பர் இன்னா வந்துகீது, சொல்லு."

அவர் அங்கிருந்தே ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னார்.

பெயரும் பிறந்த தேதியும் பொருந்தி, ஸ்கிரீனில் மயிலாப்பூர் மருத்துவமனையின் பதிவுகள் வரிசையாக வந்தன. எங்கள் டெக்னிக்கல் லீட் ரமேஷ் சார் மேசையைத் தட்டினார். "வந்துடுச்சும்மா, ஃபர்ஸ்ட் லிங்க்." எனக்கும் கண் கலங்கிவிட்டது.

செல்வி அக்கா ஸ்கிரீனையே பார்த்தார்.

"இது எப்டிம்மா இங்க வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னாமே இது? மயிலாப்பூர் ஆஸ்பத்திரி, நரம்பியல் பிரிவுன்னு போட்டுகீது. நீ எப்ப அங்க போன?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"டெஸ்டிங் சார்," என்றேன். "இன்னிக்கு எல்லாருக்கும் இப்படித்தான் தப்புத் தப்பா வருது."

"அதானே. நரம்பு எங்க கீது இவளுக்கு, அல்லாம் எலும்புதான்" என்று சிரித்தார். மோசமான மனிதராகத் தெரியவில்லை. செக்யூரிட்டி சத்தம் போடவே ஆட்டோவை நகர்த்தப் போனார்.

அக்கா மேசைமேல் குனிந்தார். சின்ன வயதிலிருந்தே ஃபிட்ஸாம். கல்யாணத்தின்போது சொல்லவில்லை.

"மாத்தர ஒரு நாளும் வுட்டதில்லம்மா. கால்சியம் டப்பால போட்டு வச்சிகினுகீறேன். ஏரியா ஆளுங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் கண்ணகி நகர்லேர்ந்து மயிலாப்பூர் வரைக்கும் போறேன். அவருகூட பொறுத்துப்பாரு. மாமியா புள்ளைங்கள எங்கிட்ட வுடாது." பிறகு, "இத அழிச்சிடும்மா."

ரமேஷ் சாரைப் பார்த்தேன்.

"லிங்க்க எடுத்துடலாம். ஆனா எடுத்தா அதுக்கும் ஒரு மெசேஜ் போகும்மா," என்றார் மெதுவாக. (அதுவும் கூட்டத்தில் முடிவானதுதான். நோயாளியின் உரிமை என்று.)

"டாக்டர்கிட்ட நான் தனியா சொல்லி வைக்கறேன்க்கா. உங்க வீட்டுக்காரர் முன்னாடி எதுவும் கேக்க மாட்டாங்க."

"இனிமே எந்த ஆஸ்பத்திரி போனாலும் இது வருமா?"

"இதுல சேர்ந்த ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் வரும்க்கா."

"அப்ப எத்தினி பேராண்டம்மா சொல்லி வைப்ப?"



டாக்டரைப் பார்க்க வாங்கிய டோக்கனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். விரல் பட்டது. கொதித்தது.

வாசலில் கணவரின் குரல் கேட்டது. "இன்னாடி, டாக்டர பாக்கல?"

"ஜொரம் வுட்டுட்ச்சிய்யா. வா, போலாம்."

சாயங்காலக் கூட்டத்தில் 'முதல் இணைப்பு வெற்றி' என்று ஸ்லைடு போட்டார்கள். கை தட்டினார்கள்.

நான் கூட்டங்களில் பேசுவதில்லை. நேற்று பேசினேன். யாருக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை. "அது அவங்க நம்பர் இல்ல சார். வீட்ல ஒரே போன்தான். மெசேஜ் வேற ஒருத்தருக்குப் போகுது" என்று மட்டும் சொன்னேன்.

"குட் பாயிண்ட்மா," என்றார் ஒருவர். "ஆனா ரேர் கேஸ். ஃபேஸ் டூல பாத்துக்கலாம்."

அடுத்த ஸ்லைடு வந்தது.

ரேர் கேஸா?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். அதில் இருப்பது என் நம்பர். வீட்டில் படித்தவள் நான்தான் என்று எல்லா இடத்திலும் நானே கொடுத்தது. எனக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மாவுக்கு ஏதாவது இருக்கலாம் என்று இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

உங்கள் வீட்டுப் பெண்களின் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது யாருடைய நம்பர்? கமென்ட்டில் சொல்லுங்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்பாவா, கணவரா, மகனா என்று மட்டும் போதும். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

செல்வி அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று கேட்க நினைத்து இன்று காலை போனை எடுத்தேன்.

என்னிடம் இருப்பது அவர் கணவரின் நம்பர்.