மீதிப் பெயர்

காஸ்தெல்மேராவில் நிவேஸுக்கு இரண்டு வேலை. வார நாட்களில் சந்தையில் மீன் விற்பாள். ஊர் கால்பந்து கிளப் சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில், மைக் முன்னால் உட்கார்ந்து ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிப்பாள். இரண்டு தொழிலுக்கும் முதல் ஒன்றுதான், அவளுடைய தொண்டை. இந்தக் கோடியில் அவள் "மத்தி" என்றால் அந்தக் கோடியில் பாலாடைக்கட்டி விற்பவன் திரும்பிப் பார்ப்பான். இளம் வயதில் திருவிழாக் குலுக்கலில் அவள் எண்களை வாசித்ததைக் கேட்ட கிளப் செயலாளர், "மைக் இல்லாமலே இப்படின்னா மைக்கைக் குடுத்தா என்ன ஆகும்?" என்று கையோடு அழைத்துப் போனார். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது.

அங்கே ஒரு முறை உண்டு. அறிவிப்பவர் முதல் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். "ரென்ஸோ..." என்று நிவேஸ் இழுப்பாள். "பெர்த்தோலா" என்று முப்பதாயிரம் பேர் முடித்து வைப்பார்கள். இப்படி மூன்று தடவை. மிலானிலிருந்தும் தூரினிலிருந்தும் வந்த பெரிய பெரிய அணிகளெல்லாம் அந்தச் சத்தத்திலேயே பாதி தோற்றுவிடும். காஸ்தெல்மேரா இரண்டு முறை இத்தாலியின் சாம்பியன் ஆன காலம் அது. ஒன்பதாம் எண் சட்டைக்காரன் பெர்த்தோலா கோல் போட்டால் அடுத்த நாள் நிவேஸ் மீனைச் சும்மாவே கொடுப்பாள்.

பிறகு எல்லாம் இறங்குமுகம். கிளப்பின் ஒரு முதலாளி பெர்த்தோலாவை வேறு அணிக்கு விற்றார். அடுத்தவர் மிச்சமிருந்தவர்களை விற்றார். அதற்கடுத்தவருக்கு விற்க ஒன்றும் இல்லாததால் சாவியைப் போட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். நீதிமன்றம் கிளப்பை மூடியது. கோப்பைகள் ஏலத்துக்குப் போயின. ஊரார் சிலர் சேர்ந்து அதே சிவப்புச் சட்டையோடு ஐந்தாம் டிவிஷனில் புதிதாக ஆரம்பித்தார்கள். அந்த டிவிஷனில் எதிரே வருகிற ஊர்களில் ஒரு தேவாலயமும் ஒரு பெட்ரோல் பங்க்கும் இருந்தாலே அதிகம்.

நிவேஸின் கணவர் குவால்தியேரோ, ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக், அன்றே சபதம் போட்டார். "இனிமே அந்த மைதானத்து வாசலை மிதிக்க மாட்டேன், நிவே. செத்தவங்க வீட்டுல போய் யாராவது பாட்டுக் கேப்பாங்களா?"

புதிய அணியின் முதல் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். பழைய பாசத்தில் வந்தவர்கள்தான். நிவேஸ் கோல்கீப்பரை அழைத்தாள். "யூரி..."

பதில் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. கையை உயர்த்திய பையன் அதை மெல்ல இறக்கிக்கொண்டான். நிவேஸே மைக்கில் "ஃபந்தினி" என்று முடித்தாள். ஒவ்வொரு பெயரையும் அவளே ஆரம்பித்து அவளே முடித்தாள். ஒன்பதாம் எண் வந்தபோது நாக்கு அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

"ரென்ஸோ..."

"பெர்த்தோலா!" மைதானம் அதிர்ந்தது. அன்று கூட்டம் ஒன்றாகக் கத்தியது அந்த ஒரு முறைதான். பெர்த்தோலா ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஒன்பதாம் எண் சட்டையில் நின்றிருந்தவன் பெயர் தெனிஸ் கிதோனி. ஆற்றுக்கு அக்கரையில் பலூதே என்ற சதுப்பு நிலத்து ஊர்க்காரன். அந்த ஊர்க்காரர்களைத் தவளைதின்னிகள் என்றுதான் காஸ்தெல்மேராவில் சொல்வார்கள். அவன் அசையாமல் நின்றான். நிவேஸுக்கு அந்த அறிவிப்பு அறையிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கால்சட்டை முழுக்கச் சிமென்ட்டோடு அவன் கடைக்கு வந்தான். பகலில் அவனுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை.

"அரைக் கிலோ கணவாய் குடுங்க, சிஞ்ஞோரா."

"தம்பி, அன்னைக்கு நடந்தது என் தப்பு. பழக்கதோஷத்துல வாய் தவறிடுச்சு."

"வாய் தவறினா தவறட்டும். ஊரே சேர்ந்து கத்திச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க? நான் ஒருத்தன் அங்க நிக்கிறதே யாருக்கும் தெரியல." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "எங்க ஊர் டீம்ல கூப்பிடுறாங்க. பாக்க வர்றது அம்பது பேருதான். ஆனா அம்பது பேருக்கும் என் பேரு தெரியும். இங்க அடுத்த மேட்ச்சை ஆடிக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

அன்று மதியம் சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னாள். குவால்தியேரோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தவளைதின்னி போனா போறான். பெர்த்தோலா நின்ன இடத்துல அவனா?"

"பெர்த்தோலாவுக்கு இப்ப முட்டிவலி. கடற்கரையில ஓட்டல் நடத்துறான். வந்து ஆடச் சொல்லுங்க, பாப்போம். சரி, இந்தப் பையன் பேரு என்ன? தெனிஸ்..."

"சூப்புல உப்பு இல்ல" என்றார் அவர்.

நிவேஸுக்கு ரோஷம் வந்தால் லேசில் அடங்காது. மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் நாய்க்குட்டியோடு வரும் இல்தே பாட்டி. நிவேஸ் மத்தியைப் பொட்டலம் கட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"யூரி...?"

"எந்த யூரிடி?"

"நம்ம கோல்கீப்பர். மீதிப் பேரைச் சொன்னாத்தான் மீன்."

"பந்துக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்? நான் கேட்டது மத்தி."

"ஃபந்தினி. வரிசையில பின்னாடி போய் மனப்பாடம் பண்ணிட்டு வாங்க."

சந்தையே வாயைப் பிளந்தது. எதிர்க்கடைக்காரன் சும்மா இருப்பானா? "இங்கே கேள்வி கேட்காமல் மீன் தரப்படும்" என்று பலகை மாட்டினான். வாடிக்கையில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. விற்காத இறாலை மூன்று வேளையும் தின்ற குவால்தியேரோ, "கிளப்பை மூடினாங்க, அடுத்து கடையா?" என்று முணுமுணுத்தார். நிவேஸுக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும் கேள்வியை விடவில்லை.

ஊரே மீன் வாங்கும் வெள்ளிக்கிழமை வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நின்றவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். இல்தே பாட்டி வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டு எல்லோரையும் திருத்தினார். "தெனிஸ்னா கிதோனி. இதுகூடத் தெரியாம இந்த ஊருல குடியிருக்கீங்க." பக்கத்துக் காபிக் கடையிலும் ஒருவன் முதல் பெயரைச் சொல்ல, மற்றவன் மீதியைச் சொன்னால்தான் காபி என்றாயிற்று.

அடுத்த ஆட்டத்தன்று கூட்டம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். நிவேஸ் "யூரி..." என்றாள். "ஃபந்தினி" என்று பதில் வந்தது. இடி முழக்கமெல்லாம் இல்லை, ஆனால் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் வந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு முன் அவள் தண்ணீர் குடித்தாள். தன் நாக்கை நம்ப அவளுக்கே பயம். தெனிஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"தெனிஸ்..."

"கிதோனி." மீன் வரிசையில் நின்ற குரல்கள்தான். இரண்டாம் முறை இன்னும் பல குரல்கள் சேர்ந்தன. மூன்றாம் முறை எல்லோரும். தெனிஸ் சட்டென்று திரும்பி, அந்தப் பெயரில் அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

கதையென்றால் அவன் இரண்டு கோல் போட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஒரு கோல் பின்தங்கி, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் காலியான கோலுக்கு முன்னால் பந்து அவன் காலுக்கு வந்தது. அவன் ஓங்கி உதைத்ததில் அது கம்பத்துக்கு மேலே ஏறி, மதிலையும் தாண்டித் தெருவில் விழுந்தது.

உடனே அறிவிப்பு அறைக்குக் கீழேயிருந்து ஓர் ஆண் குரல் கிளம்பியது. "டேய் கிதோனி! கண்ணை எங்கடா வச்சிருக்க? போய் ஓடு பதிக்கிற வேலையைப் பாருடா!"

முப்பது வருடம் பக்கத்தில் குறட்டை விட்ட குரல் அது. நிவேஸ் எட்டிப் பார்த்தாள். முகம் சிவக்க எழுந்து நின்றிருந்தார் குவால்தியேரோ. அவரைத் தொடர்ந்து ஆயிரம் பேரும் கிதோனியின் காலையும் கண்ணையும் அவன் தின்ற தவளைகளையும் திட்டித் தீர்த்தார்கள். வெளியூர்க்காரன் தவறவிட்டால் காஸ்தெல்மேராவில் சீட்டி அடிப்பார்கள். பெயர் சொல்லித் திட்டுவது தங்கள் பிள்ளைகளை மட்டும்தான். தலையில் கை வைத்துக் குனிந்திருந்த தெனிஸ் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். மெதுவாகச் சிரித்தான். நிவேஸ் விசும்பி அழுதாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் மைதானம் முழுக்க அது கேட்டது. அவள் அதற்காக வெட்கப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தெனிஸ் கடைக்கு வந்தான். நிவேஸ் தராசைத் தொடாமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்னப்பா, கிளம்புறியா?"

"எங்க போறது, சிஞ்ஞோரா? உங்க வீட்டுக்காரர் வெளிவாசல்ல நின்னு இருட்டுற வரைக்கும் திட்டினாரு. பாக்கியை அடுத்த மேட்ச்சுல வச்சுக்கறேன்னு சொல்லியிருக்காரு."