நாத்தம் போனா சொல்லுங்க

குப்பை மேட்டின் அடிவாரத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதரை எல்லோரும் மோட்டார் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாரைப் போட வேண்டும், வால்வைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், அடுத்ததைத் திறக்க வேண்டும். கேட்டால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஒரு வாரம் செய்து பாருங்கள், இடுப்பு கழன்றுவிடும்.

ஊரே கொண்டுவந்து கொட்டுகிற குப்பை அங்கே மலையாகக் குவிந்திருக்கிறது. மழை பெய்தால் அது ஊறி, அடியில் கறுப்பாக ஒரு தண்ணீர் கசியும். தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஒரு குளத்தில் அது வந்து சேரும். மாமா அதை இறைத்து வில்லோ மரத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவார். வில்லோ பார்க்க ஒன்றுமில்லை, குச்சி குச்சியாக நிற்கும். ஆனால் தண்ணீரைக் கண்டால் விடாது. அழுக்குத் தண்ணீர் என்றால் இன்னும் குஷி. அழுக்கில் பாதியைத் தின்று வளரும், தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கிவிடும். மிச்சம் வடிவது பக்கத்து நாணல் படுகையில் தேங்கித் தெளிந்து ஓடைக்குப் போகும். ஒரே பாத்திக்கு ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிப் போகும் என்பதால், ஒவ்வொரு பாத்திக்கும் முறை வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். மரத்துக்குக்கூட ஓய்வு இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று மாமா முனகுவார்.

மரம் நடுவதற்கு முன்னால் அந்தக் குளம் நாறிய நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா, சொல்லி மாளாது. மாமாவின் வீடு வேலியை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே குளம்தான். அவர் மனைவி ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டினாள், கதவுக்கு அடியில் துணியைத் திணித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

“என்னங்க, கொடலப் புடுங்குது. உங்களுக்கு நாறலையா?”

“எங்க நாறுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

இதே கேள்வி, இதே பதில், வருஷக்கணக்காக. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

“நான் என்ன பைத்தியமா? நாறுதுன்னு சொன்னா நாறலங்கிறீங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நாத்தம் போனா சொல்லுங்க, வர்றேன்.”

விஷயம் என்னவென்றால், அவருக்கு மூக்கு செத்துப் போயிருந்தது. எப்போது என்று அவருக்கே தெரியாது. புதுச் சோப்பைப் பிரித்து மூக்கருகில் பிடித்தபோது கூழாங்கல்லைப் பிடித்த மாதிரி இருந்ததே, அன்றைக்குத்தான் புரிந்தது. அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் அவளோடு மல்லுக்கு நின்றதெல்லாம் என்னாவது என்று ஒரு வறட்டு கௌரவம். நாளாக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

அவள் போன பிறகுதான் வில்லோ நட்டார்கள். மூன்று வருஷம் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். மரம் ஆள் உயரத்தைத் தாண்டியது. குளம் இறங்கிக்கொண்டே வந்தது. நாற்றம் குறைந்ததா என்று அவர் யாரைத்தான் கேட்பார்? குப்பை தள்ள வரும் டிராக்டர் டிரைவரைத்தான்.

“தம்பி, இன்னைக்கு எப்படி?”

“என்ன மாமா, தெனமும் என்னையே கேக்குறீங்க? உங்க மூக்க யாருக்காவது இரவல் குடுத்துட்டீங்களா?”

ஒரு நாள் அந்த டிரைவர் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். “சத்தியமா நாறல மாமா.” அவன் கடைசி வாய் வரைக்கும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதை மாமா நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“நாத்தம் போயிடுச்சு. வா.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

“ஞாயித்துக்கிழம வர்றேன்.”

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் மண் விழ வேண்டுமென்று இருந்தால் யார் தடுப்பது? வியாழக்கிழமை மரம் வெட்டும் மெஷின் வந்து நின்றது. வில்லோவை அடியோடு ஒட்ட வெட்டினால்தான் மறுபடி அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆனால் ஒரு பகுதியை வெட்டும்போது மற்றது நின்று குடிக்க வேண்டும்.

“எல்லாத்தையும் வெட்டிட்டா யாரு சார் குடிக்கிறது?” என்றார் மாமா.

“தெரியும் மாமா. இத விட்டா மெஷின் இந்த வருஷம் கெடைக்காது. ரெண்டும் கெட்டான் நெலமை. என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று சூப்பர்வைசர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் தோட்டம் மொட்டையாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து மழை வேறு. சனிக்கிழமை குளம் விளிம்பு வரை கறுப்பாகத் தளும்பியது. டிராக்டர் டிரைவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். மாமா அன்றைக்கு அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வராதே என்று சொல்லப் போனைக் கையில் எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். அலுத்துவிட்டது அவருக்கு. காற்று வேறு பக்கமாக அடித்துத் தொலைக்காதா என்று ஒரு நப்பாசை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்தார். காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் போய் நின்றார். பஸ்ஸிலிருந்து அதே பெட்டியோடு அவள் இறங்கினாள். மெலிந்திருந்தாள். பத்தடி நடந்திருப்பாள், சட்டென்று மூக்கைப் பொத்தினாள்.

“நாத்தம் போயிடுச்சுன்னீங்களே?”

“போயிடுச்சே,” என்றார் மாமா. பழக்க தோஷம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவள் கண் கலங்கிவிட்டது. “இன்னமும் என்னப் பைத்தியக்காரியாக்கணும், அதானே?” பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். “உள்ள என்னத்தத் தீய விட்டிருக்கீங்க?”

“எங்க தீயுது?”

அவள் அவருடைய தோளுக்கு மேல் பார்த்தாள். கதவு வழியாகப் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பால் வற்றி, பாத்திரம் கரியாகியிருந்தது. அடுப்பை அணைத்து, துணியால் பாத்திரத்தைப் பிடித்து, பின்னாலேயே வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது என்ன வாடைன்னு சொல்லுங்க பாப்போம்.”

மாமா மூச்சை இழுத்துப் பார்த்தார். “தெரியல.”

“எப்பலேர்ந்து?”

“நீ போறதுக்கு ரொம்ப முன்னாடியே.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏங்க போயிருக்கப் போறேன்? என்னப் பொய்க்காரிங்கிறீங்கன்னுதானே போனேன்.”

மாமா மரம் வெட்டிய கதையைச் சொன்னார். “துளிர்த்து எல விடற வரைக்கும் இப்படித்தான் நாறும். நீ வேணும்னா அண்ணன் வீட்டுக்கே போயிட்டு, நாத்தம் போனதும்...”

“போனதும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?” அவள் எழுந்து பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளினாள். “நாத்தம் எப்ப போகுதுன்னு நான் சொல்றேன். பழைய பேப்பர் எங்க வச்சிருக்கீங்க? முதல்ல அந்த ஜன்னல ஒட்டணும்.”