கொல்லிமலைக்குக் கட்டிய மூட்டை

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்தில் என் அறையில் கூடத் தங்கியிருந்தவர், எதையும் இரண்டு முறை மடித்து வைக்கும் ஒல்லியான மனிதர். கொல்லிமலைக் காட்டில் தங்கிவர இருவரும் மூட்டை கட்டினோம். கம்பளி, அரிசி, தீப்பெட்டிக்கு மேல் புது வேட்டி ஒன்றை வைத்தார்.

“மலையில யாருக்குங்க கோடி வேட்டி?” என்றேன்.

“போன தடவை கூட வந்தவர் காய்ச்சல்ல போயிட்டாருங்க. போர்த்தக்கூட ஒண்ணுமில்ல. சாக்குல சுத்தித்தான் இறக்கினோம்.”

மலையில் மழை பிடித்துக்கொண்டது. என் கம்பளி நனைந்துவிட்டது. நடுங்கிய என்மேல் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, விடியும்வரை ஈரச் சட்டையோடு நெருப்பருகே உட்கார்ந்திருந்தார். காலையில் அவருக்குக் காய்ச்சல்.

மலைக்காரர்கள் டோலி கட்டி இறக்க, திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். “உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே?” என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மூட்டையிலிருந்த கோடி வேட்டியை அவருக்கே போர்த்தினேன். அப்படிக் கேட்க நான் அவருக்கு யார் என்று இன்றும் விளங்கவில்லை.